ஏற்றத்தில் கிளம்பும்போது துள்ளிய டட்சன் 1200: பினியன் கோணம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தலவாக்கலைப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மலையேற்ற ஓட்டங்களுக்காகத் தயார்செய்திருந்த டட்சன் 1200 கார், ஏற்றத்தில் முதலாம் கியரில் கிளம்பும்போது பின்சக்கரங்கள் வீதியைப் பற்றாமல் அடுத்தடுத்துத் துள்ளுகின்றன என்ற முறைப்பாட்டுடன் ஹற்றனில் உள்ள எமது வேலைத்தளத்துக்கு வந்தது. கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்டின் பின்பக்கக் குரொஸ் ஜொயின்ட் (ஷாஃப்ட் வளைந்த நிலையிலும் சுழல விடும் இணைப்பு) குறுகிய இடைவெளிகளில் தேய்ந்துபோவதும், இரண்டாம் கியரில் முழு விசையுடன் ஏறும்போது தரைத்தகடு அதிர்வதும் அதனுடன் சேர்ந்திருந்த முறைப்பாடுகள். இந்த மூன்றும் தனித்தனிக் கோளாறுகளாகவே அதுவரை கவனிக்கப்பட்டிருந்தன. ஜொயின்ட் மாற்றப்பட்டது, ஷாஃப்ட் சமநிலை பார்க்கப்பட்டது, ஷொக் அப்சோபர்கள் புதிதாக்கப்பட்டன; துள்ளல் மட்டும் நின்றபாடில்லை.

உரிமையாளர் சொன்னவற்றுள் ஒரு செய்தி எங்களை உடனடியாக நிமிர்ந்து உட்கார வைத்தது. "அண்ணே, காசு போட்டு நல்ல டயர் வாங்குனதுக்கு அப்புறந்தான் கார் குதிக்க ஆரம்பிச்சிச்சு" என்றார் அவர். பழைய கடின டயர்களோடு ஓடிய காலத்தில் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றனவே தவிரத் துள்ளவில்லை. பிடிமானம் கூடிய பிறகு ஒரு கார் துள்ளத் தொடங்குமானால், டயருக்கும் உடலுக்கும் இடையில் உள்ள ஏதோ ஒன்று அந்தப் பிடிமானத்தைத் தாங்க முடியாமல் முறுகுகிறது என்பதே அதன் பொருள். இந்தக் காரில் அப்படி முறுகக்கூடிய இடம் ஒன்றுதான் உண்டு: பின் அச்சைத் தாங்கும் பட்டைவில், அதாவது நீண்ட தகடுகளை அடுக்கிச் செய்த வில்.

வாகனத்தின் அமைப்பு

பி110 என்ற குறியீட்டுடன் 1970இல் வெளிவந்த இந்தக் கார் எடை குறைந்தது, பின்சக்கரத்தால் இயங்குவது, 1,171 கனசென்றிமீற்றர் கொள்ளளவுள்ள ஏ12 என்ஜினைக் கொண்டது. பின் அச்சு ஒரே துண்டான கூடு. அதை இருபுறமும் இரண்டு பட்டைவில்கள் தாங்குகின்றன. தாங்குவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுவதில்லை. அச்சை முன்பின்னாக நகராமல் பிடித்திருப்பதும், அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் தடுப்பதும் அந்த மெல்லிய தகடுகளின் பொறுப்பே. வேறு கை எதுவும் கிடையாது. இலங்கையில் இன்றும் ஸ்ரீ இலக்கத் தகட்டுடன் ஓடும் எத்தனையோ பழைய கார்களில் இதே அமைப்பைக் காணலாம்; பின்சக்கரத்தால் இயங்கும் பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் காரும் பட்டைவில்லில் நிற்பதே. ஆகவே கீழே சொல்லப்படுபவை இந்த ஒரு காருக்கு மட்டும் உரியவை அல்ல.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு வேலைத்தளத்தில் இந்தக் காரின் பின்பகுதி தாழ்த்தப்பட்டிருந்தது. பட்டைவில்லுக்கும் அச்சுக் கூட்டின் இருக்கைக்கும் இடையில் 50 மில்லிமீற்றர் உயரமான இரும்புக் கட்டைகள் செருகப்பட்டு, நீண்ட யூ போல்ட்களால் இறுக்கப்பட்டிருந்தன. அந்தக் கட்டைகள் ஆப்பு வடிவில் சரிவாகக் கடையப்பட்டிருந்தன என்பதைப் பிறகுதான் கண்டோம்.

ஓடவேண்டிய களத்தையும் சொல்லவேண்டும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 முதல் அறியப்படுவது. நானுஓயாவுக்கு அருகே ரதல்லையிலும் இத்தகைய ஓட்டம் உண்டு. இவை குறுகிய, வளைவுகள் நிறைந்த, நின்ற நிலையிலிருந்து ஏற்றத்தில் கிளம்பவேண்டிய ஓட்டங்கள். முதலாம் கியர் கிளம்புவதற்கு மட்டுமே பயன்படும். இந்தக் கார் ஏற்றத்தின் பெரும்பகுதியை இரண்டாம் கியரில் ஓடி, இடையிடையே மூன்றாம் கியருக்குப் போய்த் திரும்பும். ஓட்டம் முடிந்ததும் அதே கார் மலை இறங்கி வீட்டுக்கும் வரவேண்டும். எங்கள் முடிவுகளில் இந்தக் கடைசி வாக்கியம் மிகுந்த இடத்தைப் பிடித்தது.

பினியன் கோணம் செய்வது என்ன

குரொஸ் ஜொயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அது கூடிக் குறையும். வளைவு 3 பாகையாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு இருபக்கமும் ஏறத்தாழ 0.14 சதவீதம் மட்டுமே. 6 பாகையில் அது 0.55 சதவீதம், 12 பாகையில் 2.2 சதவீதம். கோணம் இரட்டிக்கும்போது ஏற்றத்தாழ்வு நான்கு மடங்காவதைக் கவனிக்கவேண்டும். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள இரண்டாவது ஜொயின்ட் அதே அளவு வளைந்திருந்து, இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால், முதலாவது உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை இரண்டாவது அப்படியே அழித்துவிடும். கியர் பொக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் அச்சுக்கோடும் பின் அச்சுக் கூட்டுக்குள் ஷாஃப்டின் சுழற்சியைப் பெறும் சிறிய பற்சக்கரமான பினியனின் அச்சுக்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும் என்று சொல்லப்படுவதற்குக் காரணம் இதுவே. இணையாக இருக்கும் நிலையை 0 என்றும், பினியனின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து இணையும் முன்முனை, அதைவிடத் தாழ்ந்திருந்தால் கழித்தல் என்றும், உயர்ந்திருந்தால் கூட்டல் என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

அந்த இணைநிலை எப்போது வேண்டும் என்பதுதான் கேள்வி. கார் நிற்கும்போது அது இணையாக இருப்பதால் பயன் ஒன்றும் இல்லை. சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும் முறுக்குவிசைக்கு எதிராக அச்சுக் கூடு பின்னோக்கிச் சுழல முயல்கிறது. அப்போது பினியனைக் கொண்ட டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எழும்புகிறது. ஏ12 என்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 95 நியூற்றன் மீற்றர். முதலாம் கியரின் விகிதம் 3.757, பின் அச்சின் விகிதம் 3.9. மூன்றையும் பெருக்கினால் அச்சில் கிடைப்பது ஏறக்குறைய 1,390 நியூற்றன் மீற்றர். இரண்டு பட்டைவில்களும் சேர்ந்து இதைத் தாங்கவேண்டும். அவை தாங்குவது வளைந்துகொடுத்தே: அச்சுக்கு முன்னால் உள்ள பாதி மேல்நோக்கியும் பின்னால் உள்ள பாதி கீழ்நோக்கியும் வளைந்து, தகடு நெளிந்த வடிவம் கொள்கிறது.

ஆனால் டயரின் பிடிமானம் எவ்வளவோ அவ்வளவு முறுக்குவிசைதான் நிலையாக அச்சுக் கூட்டுக்கு வந்துசேரும். டயர் வழுக்கினால் முறுக்கமும் அந்த அளவோடு நின்றுவிடும். பழைய டயர்கள் ஏன் துள்ளவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. புதிய டயர் பிடித்துக்கொண்டபோது பட்டைவில் முன்பு முறுகாத அளவுக்கு முறுகியது. முறுக்கத்தின் எல்லையில் டயர் சறுக்கியதும், வில்லில் தேங்கியிருந்த விசை அச்சை ஒரே வீச்சில் திருப்பி அடித்தது. டயர் மீண்டும் பிடித்தது, வில் மீண்டும் முறுகியது. இந்தச் சுழற்சி ஒரு விநாடிக்குள் பல தடவை நிகழும்போது அதைத்தான் துள்ளல் என்கிறோம். சக்கரம் தரையைத் தொடாத கணங்களில் பிடிமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே பினியன் கோணம் தன்னளவில் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை என்பது என் உறுதியான கருத்து. அது செய்வது, இருக்கும் பிடிமானத்தை வீணாகாமல் பார்த்துக்கொள்வதே. டயர் வழுக்கும் எல்லையில் நிற்கும்போது வேக ஏற்றத்தாழ்வின் ஒவ்வொரு உச்சமும் அதை எல்லைக்கு அப்பால் தள்ளும். அது போக, கோணம் கூடிய ஜொயின்ட் பினியனின் பெயரிங்குகளை வளைத்து இழுக்கும்.

நின்ற நிலையில் அளந்தது

அளவீட்டைக் காரை ஜக்கில் தூக்கி வைத்துச் செய்வது மிகவும் பரவலான பழக்கம்; அது முழுவதும் பயனற்றது. உடலைத் தூக்கினால் அச்சு கீழே தொங்கும், கியர் பொக்ஸ், ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் கோணங்களும் மாறிவிடும். சக்கரங்கள் தரையில் அல்லது சம உயரமான மேடைகளில் நிற்க, ஓட்டுநரின் எடைக்குச் சமமான மணல் மூட்டைகள் இருக்கையில் இருக்க, தொட்டியில் ஓட்டத்துக்கு எடுத்துச்செல்லும் அளவு பெற்றோல் இருக்கவே நாங்கள் அளந்தோம். மலைநாட்டு வேலைத்தளங்களில் முற்றிலும் சமமான நிலம் கிடைப்பது அரிது என்றாலும், தேவைப்படுபவை கோணங்களுக்கிடையிலான வித்தியாசங்களே என்பதால் நிலத்தின் சரிவு மூன்று அளவுகளிலும் ஒரே மாதிரி ஏறி, கழிக்கும்போது நீங்கிவிடுகிறது. மின்னணுக் கோணமானியை ஒவ்வோர் இடத்திலும் ஒரே திசையில் வைப்பது ஒன்றே கட்டாயம். பினியனின் கோணத்தை வார்ப்பின் கரடுமுரடான பரப்பில் எடுக்காமல், ஷாஃப்டைக் கழற்றி, பினியன் ஃப்ளேஞ்சின் கடைந்த முகத்தில் எடுத்தோம்.

கியர் பொக்ஸின் அச்சுக்கோடு பின்னோக்கி 3.2 பாகை சரிந்திருந்தது. ஷாஃப்ட் பின்னோக்கி 1.8 பாகை சரிந்திருந்தது. பினியனின் மூக்கோ 5.4 பாகை மேல்நோக்கி இருந்தது. இணையாக இருப்பதற்கு 3.2 பாகை போதும். அதாவது கார் நிற்கும்போதே பினியன் கோணம் கூட்டல் 2.2 பாகை. விசை கொடுத்தால் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே அது ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

யூ போல்ட்களைத் தளர்த்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இரும்புக் கட்டைகளில் 2 பாகை சரிவு கடையப்பட்டிருந்தது. அந்த ஆப்பின் தடித்த விளிம்பு முன்பக்கம் இருந்தது. இந்தக் காரில் அச்சு பட்டைவில்லின் மேலே அமர்ந்திருப்பதால், தடித்த விளிம்பு முன்னே இருந்தால் மூக்கு உயரும், பின்னே இருந்தால் மூக்கு தாழும். அச்சு வில்லின் கீழே தொங்கும் வாகனங்களில் இதற்கு நேர்மாறு. வில்லின் நிலையைப் பாராமல் ஆப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒருவர் வாய்ப்பாடாகச் சொல்வாரானால் அதை ஏற்கக்கூடாது.

ஆப்பைத் திருப்பி வைத்தால் கோணம் 4 பாகை குறைந்து கழித்தல் 1.8க்கு வந்துவிடும், அத்துடன் வேலையை முடித்துவிடலாம் என்று வேலைத்தளத்திலேயே சிலர் கருதினார்கள். நான் அதற்கு இணங்கவில்லை. விசை கொடுக்கும்போது மூக்கு எவ்வளவு எழும்புகிறது என்பது தெரியாமல் எந்த எண்ணையும் சரி என்றோ பிழை என்றோ சொல்ல வழியில்லை.

விசையின் கீழ் அளந்தது

அச்சு சுழல்வதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காரின் பின்பகுதி அமிழும்போது முழு அச்சும் உடலை நோக்கி மேலே வருகிறது. மூக்கின் உயர்வை மட்டும் பார்த்தால் அமிழ்வையும் சுழற்சியையும் பிரிக்க முடியாது. எனவே டிஃபரென்ஷியலின் மூக்கில் ஒரு சுட்டுக்கம்பியையும், கூட்டின் பின்பக்கத்தில் மற்றொரு சுட்டுக்கம்பியையும், ஒன்றுக்கொன்று 400 மில்லிமீற்றர் இடைவெளியில் பொருத்தினோம். உடலின் தரைத்தகட்டில் அளவுகோடிட்ட தகடுகளை நிறுத்தி, சிறிய கமரா ஒன்றைப் பக்கவாட்டில் கட்டினோம். இரண்டு சுட்டுக்கம்பிகளின் அசைவுக்கு இடையிலான வித்தியாசம் 7 மில்லிமீற்றர் என்றால் சுழற்சி 1 பாகை. பத்திரமான, வேறு வாகனம் வராத தோட்டப் பாதை ஒன்றின் ஏற்றத்தில், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் இந்தச் சோதனை செய்யப்பட்டது.

முதலாம் கியரில் முழு விசையில் மூக்கு 6 பாகை எழும்பியது. துள்ளலின் உச்சங்களில் அதையும் தாண்டியது. இரண்டாம் கியரில் 3.5 பாகை. மூன்றாம் கியரில் சுமார் 2.2 பாகை. இந்த வரிசை கியர் விகிதங்களோடு ஒத்துப்போவதைக் காணலாம்: இரண்டாம் கியரின் விகிதமான 2.169 முதலாவதின் 58 சதவீதம், மூன்றாவதின் 1.404 அதன் 37 சதவீதம். இன்னோர் அளவையும் எடுத்தோம். இரண்டாம் கியரில் என்ஜினின் தடுப்பை மட்டும் நம்பி இறங்கும்போது மூக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது கீழ்நோக்கி, 1.5 பாகை போனது.

கிளம்பும் கணத்தின் முழு நிலையைக் கணக்கிட்டபோது கிடைத்த எண்கள் குரொஸ் ஜொயின்ட்டின் தேய்வை விளக்கிவிட்டன. பினியன் 11.4 பாகை மேல்நோக்கி நிற்கிறது. மூக்கு எழும்பியதாலும் பின்பகுதி ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் அமிழ்ந்ததாலும் ஷாஃப்ட் தன் சரிவை இழந்து எதிர்ப்பக்கமாக 0.8 பாகை சாய்கிறது. ஆகவே பின் ஜொயின்ட் 12.2 பாகை வளைந்திருக்க, முன் ஜொயின்ட் 4 பாகைதான் வளைந்திருக்கிறது. பின்னது உண்டாக்கும் 2.3 சதவீத ஏற்றத்தாழ்வுக்கு முன்னது தரும் எதிர்ப்பு 0.24 சதவீதமே. ஷாஃப்டில் ஓடும் 357 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை, இந்தக் கோணத்தில் பினியனின் பெயரிங்குகளின் மேல் ஒவ்வொரு சுற்றிலும் 77 நியூற்றன் மீற்றர் வரை வளைவிசையாக விழுகிறது. எத்தனை புதிய ஜொயின்ட் வாங்கிப் போட்டாலும் இந்த நிலையில் அது நிலைக்கப்போவதில்லை.

இடையில் உயரம் பற்றியும் சொல்லவேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் முறுக்குவிசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கொழும்பில் அளந்த முறுக்கக் கணக்கை அப்படியே மேலே கொண்டுவந்து கோணம் வைத்தால் அது அளவுக்கு மிஞ்சிப்போகும். ஓடும் உயரத்தை ஒட்டிய இடத்தில் சோதனை செய்தது அதற்காகவே. ஆனால் கிளட்சைப் பட்டென்று விட்டுக் கிளம்பும்போது பறக்கும் சில்லில் (ஃப்ளைவீல்) சேமித்த விசையும் கூடச் சேர்வதால், அந்த ஒரு கணத்தில் உயரம் தரும் சலுகை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

எந்த எண்ணை வைப்பது

பட்டைவில் கொண்ட கார்களுக்குக் கழித்தல் 5 முதல் 7 பாகை என்ற அளவு பரவலாகச் சொல்லப்படுகிறது. கால் மைல் நேரோட்டத்தில் மட்டும் ஓடும் காருக்கு அது பொருந்தலாம். அங்கே எல்லாமே கிளம்பும் கணத்தில் தீர்மானமாகிறது. எங்கள் காருக்கு அதைப் பொருத்திப் பார்த்தோம். நிற்கும்போது கழித்தல் 6 என்று வைத்தால், முதலாம் கியரில் 0 கிடைக்கும். ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதி ஓடும் இரண்டாம் கியரில் கழித்தல் 2.5, மூன்றாம் கியரில் கழித்தல் 3.8. ஓட்டம் முடிந்து மலைப்பாதை வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கும்போது கழித்தல் 7.5. இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் மூக்கு கீழ்நோக்கியே திரும்பும் என்பதால் அந்த எண் இன்னும் மோசமாகும். நீண்ட இறக்கங்கள் உள்ள எங்கள் வீதிகளில் பினியன் இரண்டு திசைகளிலும் முறுகுகிறது. ஒரு திசைக்கு மட்டும் இடம்விட்டு வைக்கும் அளவு இங்கே ஜொயின்ட்டைத் தின்றுவிடும்.

உண்மையான கோளாறு நின்ற நிலையில் இருந்த எண்ணில் இல்லை. முதலாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் கிடந்த 3.8 பாகை அகலத்திலேயே அது இருந்தது. அத்தனை அகலம் இருக்கும்வரை எந்த எண்ணை வைத்தாலும் ஏதோ ஒரு கியரில் அது பிழையாகவே இருக்கும். முறுக்கத்தின் அகலத்தை முதலில் சுருக்கவேண்டும். அதன் பிறகே, கார் அதிக நேரம் ஓடும் கியரில் 0 வருமாறு நடுப்புள்ளியை வைக்கவேண்டும். இந்தக் காருக்கு அந்தக் கியர் இரண்டாவது.

செய்த வேலை

பட்டைவில்களைக் கழற்றிப் பார்த்தபோது நடுப்பிடிப்புப் போல்ட்டின் தலை தேய்ந்து, கட்டையின் குழியில் ஆடிக்கொண்டிருந்தது. நீண்ட யூ போல்ட்கள் இழுபட்டு இறுக்கம் இழந்திருந்தன. தகடுகள் நல்ல நிலையில் இருந்ததால் அவற்றை மாற்றாமல், முன்பாதியில் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பூண்களைப் புதிதாக அடித்து இறுக்கமாகப் பொருத்தச் செய்தோம். பின்பாதியின் பூண்களைச் சற்றுத் தளர்வாகவே விட்டோம். முறுக்கத்தை எதிர்ப்பதில் முன்பாதியின் விறைப்பு கைகொடுக்கும், வீதியின் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வதில் பின்பாதியின் இளக்கம் உதவும் என்பது இதன் கருத்து. வில்லின் முன்முனை வளையமான முன் கண்ணின் தேய்ந்த இறப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகக் கடினமான பொலியுறிதேன் புஷ் இடப்பட்டது. வில்லின் பின்முனையைத் தாங்கும் பின் தொங்கியில் மூல இறப்பரே இருந்தது. வளைவுகளில் உடல் சாயும்போது வில் சிறிது திருகிக்கொள்ள அது இடம் கொடுக்கவேண்டும்.

பிறகு ஒவ்வொரு பக்கமும் அச்சின் கீழிருந்து உடலின் சட்டத்துக்கு ஒரு தடுப்புக் கம்பி பொருத்தப்பட்டது. இதன் நீளத்தை நினைத்தபடி வைக்கக்கூடாது. பட்டைவில்லில் அமர்ந்த அச்சு மேலும் கீழும் போகும்போது ஒரு வில்வளைவில் நகர்கிறது. அந்த வளைவின் ஆரை முன்பாதி நீளத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு. தடுப்புக் கம்பியின் நீளமும் சரிவும் அந்த ஆரையோடு ஒத்துப்போகாவிட்டால் வில்லும் கம்பியும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், சஸ்பென்ஷன் இறுகிப்போகும், துள்ளல் நின்றாலும் வளைவில் பின்பகுதி திடீரென வழுக்கும். இந்தக் காரின் முன்பாதி 510 மில்லிமீற்றர். எனவே கம்பியின் நீளம் 380 மில்லிமீற்றர் என முடிவாயிற்று. அதன் முன்முனை, வில்லின் முன் கண்ணுக்கு 130 மில்லிமீற்றர் பின்னால், அதற்குக் கீழே அமைந்தது. இரு முனைகளிலும் கடின இறப்பர் புஷ்கள் இடப்பட்டன.

விசை கொடுக்கும்போது அச்சின் அடிப்பகுதி முன்னோக்கி வர முயல்வதால் இந்தக் கம்பி இழுபடுவதில்லை, நசுக்கப்படுகிறது. வில்லுக்கு 130 மில்லிமீற்றர் கீழே அமைந்த கம்பி முறுக்கம் முழுவதையும் தாங்க நேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் அரைத் தொன்னுக்கு மேற்பட்ட விசை வரும். தட்டையான பட்டை இரும்பு அந்த விசையில் வளைந்துவிடும். தடித்த சுவருள்ள குழாயே வேண்டும். உடலின் பெட்டிச் சட்டமோ மெல்லிய தகட்டால் ஆனது. அதன் மேல் நேரடியாகக் கம்பியைப் பிடிக்கும் கொழுவியை வெல்டிங் செய்தால் தகடு கிழியும். 3 மில்லிமீற்றர் தகட்டைச் சட்டத்தின் இரு முகங்களிலும் பரப்பி ஒட்டிய பிறகே கொழுவி பொருத்தப்பட்டது. இத்தகைய கம்பிகளை எல்லா வகுப்புகளிலும் அனுமதிப்பதில்லை என்பதால், வேலை தொடங்குமுன் உரிமையாளர் தாம் ஓடும் வகுப்பின் விதிகளைச் சரிபார்த்துக்கொண்டார்.

மீண்டும் அதே பாதையில் அளந்தபோது முதலாம் கியரின் முறுக்கம் 2.5 பாகைக்கு இறங்கியிருந்தது. இரண்டாம் கியரில் 1.5, மூன்றாம் கியரில் 0.9. அகலம் 3.8 பாகையிலிருந்து 1.6 பாகையாகச் சுருங்கியது. இப்போதுதான் கோணத்தை முடிவு செய்யும் நிலை வந்தது: நிற்கும்போது கழித்தல் 1.5 பாகை.

ஆப்பு இல்லாத கட்டையில் இந்த அச்சு கூட்டல் 0.2 பாகையில் நிற்கும் என்பதால் 1.7 பாகை சரிவு தேவைப்பட்டது. 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 பாகை என்பது 1.75 மில்லிமீற்றர் உயர வித்தியாசம். அந்தக் கணக்கில் புதிய கட்டையின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட 3 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்குமாறு லேத் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள். பழைய கட்டைகளைத் திருப்பிப் போட்டிருந்தாலும் கோணம் இதற்கு மிக அருகில் வந்திருக்கும்தான். அவற்றின் குழிகள் தேய்ந்திருந்ததால் நாங்கள் அவற்றை மீண்டும் பயன்படுத்தவில்லை. அலுமினியத் தகடு ஆப்புகளையும் தவிர்த்தோம். யூ போல்ட்டின் இறுக்கத்தில் அவை காலப்போக்கில் நசுங்கி இறுக்கத்தையே இழக்கச் செய்கின்றன. வில்லின் நடுப்போல்ட்டின் தலை கட்டையின் அடியில் உள்ள குழியில் ஆட்டமின்றி அமர்வதை, கோணத்தைப் பார்ப்பதற்கு முன்பே உறுதிப்படுத்தினோம்.

விளைவு

நிற்கும்போது முன் ஜொயின்ட்டின் வளைவு 0.6 பாகை, பின் ஜொயின்ட்டின் வளைவு 0.9 பாகை. இரண்டும் அரைப் பாகைக்கு மேல் இருப்பது வேண்டுமென்றே வைத்ததுதான். வளைவே இல்லாமல் சுழலும் ஜொயின்ட்டில் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி பறித்துவிடும். முதலாம் கியரில் முழு விசையில் முன் ஜொயின்ட் 2.5 பாகையும் பின் ஜொயின்ட் 3.5 பாகையும் வளைகின்றன. இரண்டுக்கும் இடையில் 1 பாகை வித்தியாசம். இரண்டாம் கியரில் அந்த வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பினியனின் மேல் விழுந்த 77 நியூற்றன் மீற்றர் வளைவிசை 22ஆகக் குறைந்தது.

ஈரமில்லாத வீதியில் துள்ளல் முழுவதும் நின்றது. இரண்டாம் கியரில் தரைத்தகட்டின் அதிர்வும் இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் என்பதால் ஈரத்திலும் பார்த்தோம். ஈர வீதியில் டயர் தாங்கும் முறுக்குவிசையே குறைவு, ஆகவே மூக்கு எழும்புவதும் குறைவு, 1.5 பாகை தாழ்த்தி வைத்த பினியன் அங்கே முழுமையாக இணைநிலைக்கு வருவதில்லை. ஆனால் மிச்சமாகும் வித்தியாசம் 1 பாகைக்குள் அடங்கிவிடுவதால் ஓட்டுநரால் அதை உணர முடியவில்லை. கழித்தல் 6 வைத்திருந்தால் மழை நாளில் அதன் விலையை உணர்ந்திருப்பார்.

தடுப்புக் கம்பியால் காருக்குள் வீதிச் சத்தம் கூடியிருக்கிறது. மறுபுறம், கிளம்பும்போது வலது பின்சக்கரம் இடதுக்கு முந்தி வழுக்குவது இன்னும் தொடர்கிறது. இதற்கும் பினியன் கோணத்துக்கும் தொடர்பில்லை. ஷாஃப்டின் முறுக்குவிசை அச்சு முழுவதையும் அகலவாட்டில் சாய்த்து வலது சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. 357 நியூற்றன் மீற்றரை 1,245 மில்லிமீற்றர் சக்கர இடைவெளியால் வகுத்தால் வருவது சுமார் 29 கிலோ பாரத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதியை உடலின் எதிர்ச்சாய்வு பின் வில்கள் வழியாகத் திருப்பிக்கொடுத்துவிடும், மிச்சம் வலது சக்கரத்தின் இழப்பு. சாதாரண டிஃபரென்ஷியல் பாரம் குறைந்த சக்கரத்தின் அளவுக்கே இரு பக்கமும் விசை கொடுக்கும். இதைத் தீர்க்க வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் வேண்டும், அல்லது அச்சின் நீளவாட்டு இணைப்புகளின் வடிவமே மாறவேண்டும். இரண்டும் தனி வேலைகள்.

ஓட்டத்துக்குப் பிறகு கார் பரிசோதனைக்காகத் திரும்ப வந்தபோது பினியன் கோணம் கழித்தல் 1.3ஆக இருந்தது. புதிய புஷ்களும் கட்டைகளும் அமர்ந்துகொண்டதால் வந்த மாற்றம் அது. யூ போல்ட்கள் நான்கில் இரண்டின் நட்டுகள் இறுக்கம் குறைந்திருந்தன. அவற்றை மீண்டும் இறுக்கி, கொழுவிகளின் வெல்டிங் ஓரங்களில் வெடிப்பு இல்லை என்பதைப் பார்த்து, பின் ஜொயின்ட்டைக் கையால் அசைத்துச் சோதித்தோம். அதில் ஆட்டம் எதுவும் இல்லை. கோணத்தை மறுபடி மாற்றவில்லை. இரண்டாம் கியரில் 0.2 பாகை வித்தியாசத்துக்காக நன்றாக அமர்ந்துவிட்ட கட்டைகளைக் கழற்றுவது தேவையற்றது என்று உரிமையாளரிடம் சொல்லிக் காரை ஒப்படைத்தோம்.